4கே காட்சியில் பச்சைக் கட்டங்களும் விலகிப்போகும் ஒலியும்

கேள்வி:
வணக்கம். கைப்பேசியில் எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் பதிவான, நாற்பது நிமிடம் நீளும் பட்டிமன்றக் காட்சி ஒன்றை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். டைம்லைனில் (காட்சித் துண்டுகளை அடுக்கும் பட்டையில்) இடம் மாறும்போதெல்லாம் பச்சைக் கட்டங்கள் தோன்றி மறைகின்றன. போகப்போகப் பேச்சாளரின் வாயசைவிலிருந்து ஒலியும் விலகிவிடுகிறது. விஎல்சி பிளேயரில் அதே கோப்பு குறையின்றி ஓடுகிறது. 16 ஜிபி ரேமை 32 ஆக்கினால் தீருமா, அல்லது எடிட்டிங் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ வேண்டுமா?

மறுமொழி 1:
இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்றே தோன்றுகிறது. எச்.265 கோப்பில் முழுப் படம் அவ்வப்போதுதான் இருக்கும். இடைப்பட்ட ஃபிரேம்கள் (காட்சியாக ஓடும் படங்கள்), அண்டை ஃபிரேம்களிலிருந்து மாறியதை மட்டுமே வைத்திருக்கும். தொடக்கத்திலிருந்து வரிசையாக ஓட்டும் விஎல்சிக்கு இது பெரிய சுமையன்று; நினைத்த இடத்துக்குத் தாவும் எடிட்டருக்கோ, ஒரு ஃபிரேமைக் காட்டவே அது சார்ந்திருக்கும் பலவற்றை விரித்தாக வேண்டும். அந்த வேலையை ஏற்கும் கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) தடுமாறினால் பச்சைக் கட்டங்கள் வரும். அமைப்புகளில் ஹார்டுவேர் டிகோடிங்கை (விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் விடுவதை) அணைத்து, எடிட்டிங் மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள்.

மறுமொழி 2:
ஒலி விலகுவதற்குக் காரணம் பெரும்பாலும் நிலையற்ற ஃபிரேம் ரேட்தான். வெளிச்சம் குறைந்தால் நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்ளும் கைப்பேசிகள் பல உண்டு. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் அதைத் திறந்து, 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்' என்றிருந்தால், வீடியோ கோப்புகளை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். வெட்டத் தொடங்கும் முன்பே இதைச் செய்வது நல்லது. பாதி எடிட் முடிந்தபின் கோப்பை மாற்றினால், வெட்டிய இடங்கள் நகர்ந்துவிடக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 'வேரியபிள்' என்றுதான் இருந்தது. மாற்றியபின் ஒலி கடைசிவரை பொருந்துகிறது. ஹார்டுவேர் டிகோடிங்கை அணைத்ததும் பச்சைக் கட்டங்கள் மறைந்தன, ஆனால் டைம்லைன் முன்பைவிடத் திக்கித் திக்கி ஓடுகிறது.

மறுமொழி 1:
சுமை முழுவதும் சிபியுவுக்குப் போய்விட்டதால் அப்படித்தான் இருக்கும். மாற்றிய கோப்பிலிருந்தே டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி அல்லது புரோரெஸ் ப்ராக்ஸி முறையில் 1080பி அளவுக்கு ப்ராக்ஸி (எடிட் செய்யும்போது மட்டும் பயன்படும் நகல்) உருவாக்குங்கள். இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் தனிப்படம் என்பதால் தாவுவது எளிது. வட்டில் இடம் மட்டும் கூடுதலாக வேண்டும். எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ராக்ஸிக்குப் பதிலாக 4கே கோப்பே பயன்படுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். புதிய டிரைவரை நிறுவிச் சோதிக்கும் வரை ஹார்டுவேர் டிகோடிங் அணைந்தே இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தக் கட்டங்கள் முடிவுக் கோப்பிலும் பதிந்துவிடலாம்.