அப்பாவின் ஈரல் எம்.ஆர்.ஐ.: சாதா கான்ட்ராஸ்டா, பிரைமோவிஸ்டா?

கடைக்குட்டி:
அப்பாவுக்கு 63 வயது. ஹெபடைடிஸ் பி, அதனால் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறும் நோய்). ஆறு மாதத்துக்கொருமுறை எடுக்கும் அல்ட்ராசவுண்டில் இந்தத் தடவை 1.6 செ.மீ. முடிச்சு ஒன்று தெரிந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. சீட்டில் டாக்டர் ‘பிரைமோவிஸ்ட்’ என்று ஒரு கான்ட்ராஸ்ட் மருந்தை (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் போடுவது) எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். ஸ்கேன் சென்டர் கவுன்டரில், “சாதா கான்ட்ராஸ்டே போதும்மா, செலவும் குறையும்” என்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (ஈரலுக்குப் பார்ப்பது) 1.4, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்குப் பார்ப்பது) 0.9. யார் பேச்சைக் கேட்பது?

காந்த அறை:
எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன், பதினோரு வருஷம். கவுன்டர்காரர் சொன்னது தப்பில்லை, ஆனால் பாதிதான்.

சாதா என்பது பெரும்பாலும் டோட்டாரெம் அல்லது காடோவிஸ்டாக இருக்கும். ரத்தத்தோடு போய், செல்லுக்கு வெளியே சுற்றி, சிறுநீரில் இறங்கிவிடும். பிரைமோவிஸ்டில் ஏறக்குறைய பாதியை ஈரல் செல்களே உறிஞ்சிப் பித்தத்தில் தள்ளும். ஊசி போட்டு 20 நிமிஷம் கழித்து ஒரு படம் எடுப்போம். ஈரல் முழுக்க வெளுத்திருக்கும், உறிஞ்சத் தெரியாத கட்டி கறுப்புப் பொட்டாக நிற்கும். ஒரு செ.மீ.க்குக் குறைவான பொட்டெல்லாம் அதில்தான் மாட்டும்.

தொந்தரவு எங்கே என்றால், ஊசி போட்ட அரை நிமிஷத்தில், மருந்து தமனி வழியே ஈரலுக்கு வரும்போது எடுக்கும் ஆர்ட்டீரியல் படத்தில். ஈரல் புற்று பளிச்சென்று காட்டிக்கொடுப்பது அங்கேதான். பிரைமோவிஸ்ட் போட்டால் சிலருக்குச் சரியாக அந்த நேரத்தில் மூச்சு தடுமாறும். ஒரு பெரியவர் ஒத்திகையில் மூன்று முறையும் கல்லு மாதிரி மூச்சைப் பிடித்தார். ஊசி ஏறியதும் படம் முழுக்க அலை அலையாக வந்தது. அடுத்த படத்துக்குள் அவருக்குச் சரியாகிவிட்டது, ஆனால் போன கட்டம் போனதுதான். தவிர, இதில் கடோலினியம் (படத்தில் வெளுப்பைத் தரும் உலோகம்) அளவு சாதாவில் கால்வாசி: கிலோவுக்கு 0.1 மில்லிமோலுக்குப் பதில் 0.025. அந்தப் பளிச்சும் கொஞ்சம் மட்டுதான்.

என் ஓட்டு பிரைமோவிஸ்டுக்கு. அப்பாவால் பதினைந்து விநாடி மூச்சைப் பிடிக்க முடியாதென்றால் மாற்றிக்கொள்வேன்.

நைட் டியூட்டி:
ரேடியாலஜி பி.ஜி. மேலே சொன்னதோடு ஒன்று. புற்று என்று உறுதியாகச் சொல்ல, பளிச்சென்று வந்தது பிறகு மங்க வேண்டும்; அதுதான் வாஷ்அவுட். பிரைமோவிஸ்டில் அதை போர்ட்டல் வீனஸ் கட்டத்தில் (ஆர்ட்டீரியலுக்கு அடுத்து, குடலிலிருந்து வரும் ரத்தக்குழாய் வழியே மருந்து ஈரலை நிரப்பும் நேரம்) மட்டுமே ஒப்புக்கொள்வோம். அதற்குப் பிறகு ஈரலே வெளுக்கத் தொடங்குவதால், பக்கத்தில் இருக்கும் அப்பாவி ஹெமாஞ்சியோமாகூட (புற்றல்லாத ரத்தக்குழாய்க் கட்டி) கறுத்துக் குற்றவாளி மாதிரி நிற்கும். சாதா கான்ட்ராஸ்டில் தாமதப் படத்தையும் கணக்கில் எடுக்கலாம். மல்ட்டிஹான்ஸ் என்று நடுவாந்திரமாக ஒன்று உண்டு. ஈரல் உறிஞ்சுவது 3 முதல் 5 சதவீதம், கடைசிப் படத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். யார் உட்கார்ந்திருப்பார்கள்!

பிலிருபின் 1.4 பிரச்சினையில்லை. 3-ஐத் தாண்டினால்தான் ஈரல் சரியாக உறிஞ்சாமல் அந்த 20 நிமிஷப் படம் சோபிக்காது.

கடைக்குட்டி:
டாக்டரிடமே கேட்டுவிட்டேன். இது ஒன்றுதானா, கூட வேறு குட்டிகள் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்துத்தான் ஆபரேஷன் பற்றி யோசிப்பாராம், அதற்குத்தான் அடிக்கோடு. வியாழக்கிழமை ஸ்கேன். அப்பா 58 கிலோ, மருந்து 5.8 மில்லி என்றார்கள். இவ்வளவு கொஞ்சமா?

காந்த அறை:
கிலோவுக்கு 0.1 மில்லி, கணக்கு சரி. வீட்டில் பழக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள், வெளியே விட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். நிறைய சென்டரில் அப்படித்தான் கேட்போம். காது கேட்கும் கருவி இருந்தால் வெளியிலேயே கழற்றிவிடுவோம், அப்புறம் “மூச்சை விடுங்க” என்று நாங்கள் கத்துவது அவருக்குக் கேட்காது. முன்கூட்டியே சொல்லுங்கள், கையைத் தொட்டுச் சைகை காட்ட ஆள் நிறுத்துவார்கள்.