புதுப்பிப்பு: விவசாயப் போதனாசிரியராக வர நினைக்கும் மருமகன்

உயர்தரம் முடித்த என் மருமகன் விவசாய விரிவாக்க வேலைக்கு, அதாவது விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்குப் போக மட்டக்களப்பில் என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

பட்டம் என்றால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம், அதற்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) காணாது. ஆகவே விவசாயக் கல்லூரி டிப்ளோமாவுக்குத்தான் போடப்போகிறான். குண்டசாலைக் கல்லூரி தூரம், வவுனியாக் கல்லூரி பரவாயில்லை.

அதுவரை சும்மா இராமல் ஊர் இளம் விவசாயிகள் கழகத்தில் சேர்ந்துவிட்டான். உண்மையான பயிற்சி அங்கேதான் என்பேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு சோளக் காணிக்குப் போதனாசிரியரோடு போயிருக்கிறான். 2018இல் இலங்கைக்கு வந்த படைப்புழு இன்னும் விட்டபாடில்லை. காணிக்காரப் பெரியப்பா இவனை ஏறிட்டும் பார்க்கவில்லையாம். இவன் விளக்கம் சொல்லாமல், “நீங்களே குருத்தை விரித்துப் பாருங்கோ பெரியப்பா” என்றிருக்கிறான். உள்ளே மரத்தூள் மாதிரி எச்சம், புழுவின் தலையில் தலைகீழ் ‘ஒய்’ கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளி: படைப்புழுவேதான். அப்புறம் கேள்வி கேட்டதெல்லாம் பெரியப்பாதான்! தெரியாததற்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனைத் தொலைபேசி எண்ணுக்கு அங்கேயே அழைத்துக் கேட்டார்களாம்.

சரி, அம்பாறைப் பக்கம் இப்படிக் கழகம் நடத்துபவர்கள் இருந்தால் எழுதுங்கள், பொடியனைக் கூட்டிவருகிறேன்.