மூன்று மடிப்புத் துண்டறிக்கை: எந்த எழுத்துரு, என்ன வண்ணம்?

கேள்வி: கண் மருத்துவ முகாமுக்கு ஏ4 துண்டறிக்கை. படிப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து, 9 பாயின்ட் போதுமா?

பதில்: வேண்டாம் சார். மை பரவி ணை, ஞ, இ எழுத்துகளின் சுழி அடைபடும். வெள்ளைத் தாளில் கறுப்பு, முக்தா மலர் எழுத்துரு 12 பாயின்ட், வரி இடைவெளி 18 பாயின்ட். குறைத்தால் மேல்வரி 'மூ'வின் காலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் மோதும். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் (கே 100, அதாவது கறுப்பு 100 சதவீதம்). நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு அச்சு மையும் கலந்தால், அவை ஒன்றன்மேல் ஒன்று பதிவது இம்மி விலகினாலும் எழுத்தோரம் நிழலடிக்கும்.

இன்னொரு பதில்: நீலம் தலைப்புக்கு நன்றாக இருக்கும், ஆனால் மடிப்பைத் தாண்டவிடாதீர்கள்; மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 170 கிராம்) தடிமனான தாளென்றால் கிரீசிங், அதாவது மடிக்குமுன் கோடு அழுத்துவது, கட்டாயம். உள்ளே மடியும் பக்கம் 97 மி.மீ., மற்றவை 100.

கேட்டவர்: நன்றி. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'கொ' உடைகிறதே?

பதில்: பாராகிராஃப் பேனலில் வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் அமைப்பு) மாற்றுங்கள்.