எம்.ஏ. பொருளாதாரத்தில் ப்ராஜெக்ட் இருக்கணுமா, எடுத்துடலாமா?

வைகைக்கரை:
எங்கள் கல்லூரியில் பாடத்திட்டக் குழு கூடுகிறது. எம்.ஏ. பொருளாதாரம் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டை எடுத்துவிட்டு, எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் அலசுவது) லேப் ஒன்றும் டேலண்ட் மேனேஜ்மென்ட் தாள் ஒன்றும் வைக்கலாம் என்கிறார்கள். நான் எதிர்க்கப்போகிறேன். 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை விடுமுறையில் சொந்த ஊருக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் போன்ற ஊர்களின் கணக்கு 1918-ல் புத்தகமாக வந்தது. 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்கு மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போனார்கள். மாணவர் எழுதிய குறிப்புதான் அத்தனைக்கும் முதல் கல். அதையா எடுப்பது?

கூறெண்:
ஐயா, ஸ்லேட்டர் அனுப்பின மாதிரி இன்னைக்கு யார் போறாங்க? ‘மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருளாதார நிலை’ன்னு ஒரு தலைப்பு, 120 பேர், சதவீதப் பட்டியல், கை ஸ்கொயர்னு ஒரு புள்ளியியல் சோதனை, கடைசியில பதில்களை வரிசைப்படுத்துற ஒரு கேரட் (Garrett) ரேங்கிங். தாலுகா பேரை மாத்தினா அடுத்த வருஷ ப்ராஜெக்ட் தயார். காசு கொடுத்தா பைண்டிங்கோட கைக்கு வருது. பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல எழுதினதை நீங்கதான் வகுப்புல நடத்துறீங்க. திறமை குறைஞ்சவருக்கு அதிகச் செலவு வைக்கிற தகுதிதான் முதலாளிகிட்ட அடையாளமா நிக்கும். கடையில வாங்குற ப்ராஜெக்ட் எதுக்கு அடையாளம்? பி.எல்.எஃப்.எஸ்.ங்கிற தொழிலாளர் கணக்கெடுப்போட யூனிட் லெவல் டேட்டாவை, அதாவது ஆள் வாரியான பதிவுகளை, மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் இலவசமாவே தருது. அதை ஆர் (R)ங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல ஏத்தி, ஒவ்வொரு பதிவும் எத்தனை பேருக்குச் சமம்னு சொல்ற மல்டிப்ளையரை மறக்காம போட்டு, பெண்களோட வேலைப் பங்கேற்பைக் கணக்குப் போடத் தெரிஞ்ச பிள்ளையை நான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவேன்.

வைகைக்கரை:
வாங்கினால் தடுக்க வேண்டியது நம் பொறுப்பு. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி ப்ராஜெக்ட்டில் 10 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் கேள்வி கேட்கலாம்.

கூறெண்:
அதைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் காப்பியடிச்ச வார்த்தையைத்தான் பிடிக்கும். ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து 120 படிவத்தையும் தானே டிக் அடிச்சா அது எப்படிப் பிடிக்கும்? இட்டுக்கட்டின டேட்டா சுத்தமா பாஸாகும்.

செவ்வந்தி:
சார், நான் இப்ப கடைசி செமஸ்டர். பி.எல்.எஃப்.எஸ். டேட்டாவும் பார்த்தேன், எங்க ஊர்ல வீடு வீடாவும் போனேன். அந்த டேட்டாவுல ஒவ்வொருத்தர் வேலைக்கும் ஒரு கோட் நம்பர் உண்டு. 93-ங்கிறது, வீட்டு வேலையோட வீட்டு உபயோகத்துக்குப் புல், விறகு சேகரிக்கிற பெண்களுக்கு. 21, குடும்பத் தொழில்ல சம்பளமில்லாம உதவுறவங்களுக்கு. 93 போட்டா அவங்க தொழிலாளர் கணக்குலயே வரமாட்டாங்க, 21 போட்டா வருவாங்க. ஒரு அக்காகிட்ட ‘என்ன வேலை பார்க்குறீங்க’ன்னு கேட்டேன். ‘சும்மாதான்மா இருக்கேன்’னாங்க. தொழுவத்துல ரெண்டு கறவை மாடு. பால் சொசைட்டி அட்டை யார் பேர்லன்னு கேட்டா, அவங்க பேர்லதான்! முதல் பதிலோட நான் எழுந்து வந்திருந்தா 93 போட்டிருப்பேன். லேப்ல மட்டும் உட்கார்ந்திருந்தா அந்த எண் எப்படி வந்ததுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது.

கூறெண்:
நல்லா செஞ்சிருக்கீங்க தங்கச்சி. ஆனா உங்க வகுப்புல உங்களை மாதிரி எத்தனை பேர் வீடு ஏறினாங்க?

செவ்வந்தி:
ரொம்பக் கொஞ்சம் பேர்தான் சார். மத்தவங்ககிட்ட யாரும் படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவே இல்லை.

நொய்யல்:
நான் ஆள் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். டேலண்ட் மேனேஜ்மென்ட் தாள் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே வேலையில் இருப்பவரை எப்படி வளர்ப்பது, எப்படித் தக்கவைப்பது என்பது நிர்வாகிகளுக்கான பாடம். வேலை தேடும் பிள்ளைக்கு அதை மனப்பாடம் செய்து என்ன ஆகப்போகிறது? நேர்முகத் தேர்வில் நான் கேட்பது ஒன்றுதான்: ‘இந்த 120 பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?’ பெரும்பாலும் பதில் வராது. ஒரு பெண் மட்டும், மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகள்கள் கடன் தொகையைக் குறைத்துச் சொன்னார்கள், அதனால் இன்னொரு நேரம் போய்க் கேட்டேன் என்றாள். எடுத்துக்கொண்டோம்.

வைகைக்கரை:
120 வேண்டாம், 30 வீடு போதும் என்று கேட்கப்போகிறேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிரப்பிய படிவங்களை மேசைமேல் வைக்கவேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் நாலைந்து வீட்டுக்காவது நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

கூறெண்:
போக ஆசிரியர் இருக்காங்களா ஐயா? காலியிடத்தை நிரப்பாம கௌரவ விரிவுரையாளர் தலையில பாதி வகுப்பைக் கட்டுறாங்க. அவருக்குப் பஸ் காசு யார் கொடுப்பா? அதுக்கு வழி பண்ணினா ப்ராஜெக்ட்டுக்கு நானும் ஓட்டுப் போடுறேன். இல்லைன்னா என் ஓட்டு லேபுக்குத்தான்.

வைகைக்கரை:
பயணப்படியையும் தீர்மானத்தில் சேர்க்கிறேன். அது மறுக்கப்பட்டாலும் ப்ராஜெக்ட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன்.