வாடகையாவது கட்டிடலாம், பத்து மாச அட்வான்ஸுக்கு எங்கே போறது?

துரைப்பாக்கம் வாசி:
மேடவாக்கத்துல சிங்கிள் பெட்ரூம் ஒண்ணு பார்த்தேன். வாடகை 12,000. பி.எஃப். பிடித்தமெல்லாம் போக எனக்குக் கைக்கு வர்றது 26,000. இழுத்துப் பிடிச்சா சமாளிச்சிடலாம்னுதான் போனேன். ஓனர் அம்மா நல்ல மாதிரி, காபியெல்லாம் குடுத்தாங்க. கடைசியில "அட்வான்ஸ் பத்து மாசம் தம்பி"ன்னாங்க. 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, முதல் மாச வாடகை தனி. சாவி கைக்கு வர 1,44,000 வேணும். அஞ்சரை மாசச் சம்பளம், அதுவும் அதுவரைக்கும் சோறு தண்ணி இல்லாம இருந்தா. நீங்கல்லாம் இதை எப்படிப் புரட்டினீங்க?

அம்பத்தூர் டீச்சர்:
தனியார் பள்ளி, சம்பளம் 15,000. வீட்டுக்காரர் தவறிட்டார், பையன் ஆறாவது படிக்கிறான். வீடு பார்க்கப் போன இடத்துலெல்லாம் முதல் கேள்வி "சார் எங்க வேலை பார்க்கறார்?" இல்லைன்னு சொன்னதும் முகம் மாறும். அடுத்தது "நீங்க என்ன ஆளுங்க?" இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதில்ல, அதனாலேயே ரெண்டு வீடு போச்சு. கிடைச்ச போர்ஷனுக்கு வாடகை 6,500, அட்வான்ஸ் 50,000. கழுத்துல கிடந்தது ஏற்கெனவே அடகுல. குழுவுல லோன் எடுத்தேன், ரெண்டு வருஷத் தவணை. மாசம் 2,600 சொச்சம் போகுது. வாடகையும் தவணையும் போக 6,000 கூட மிஞ்சாது. அதுல பையன் ஃபீஸ், கேஸ், அரிசி, எல்லாம். என் பணம் அவங்ககிட்ட வட்டியில்லாம கிடக்குது, அதுக்கு நான் வெளியில வட்டி கட்டிக்கிட்டிருக்கேன். இதை யார்கிட்ட சொன்னாலும் "ஊர் வழக்கம் அப்படித்தான்"கறாங்க.

போன வீட்டைக் காலி பண்ணினப்போ பெயிண்ட் அடிக்கணும்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நாங்க குடிவந்தப்போ அந்தச் சுவத்துல சுண்ணாம்பு உதிர்ந்துகிட்டு இருந்துச்சு!

ஒரகடம் ஷிஃப்ட்:
அக்கா சொல்றதைப் படிச்சா கஷ்டமா இருக்கு. நான் கான்ட்ராக்ட் வேலை. இங்க பேச்சிலர் ரூம்ல வாடகை தலைக்கு 2,000, நாங்க ஆறு பேர். ஒருத்தன் நைட் ஷிஃப்ட் போனா அவன் பாயில இன்னொருத்தன். அட்வான்ஸ் தொல்லை அவ்வளவா இல்ல. ஆனா பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிட்டு வரணும்னா தனி வீடு, ஸ்கூல், அட்வான்ஸ்னு ஆரம்பிச்சிடும். அவங்க திருவண்ணாமலைப் பக்கம் ஊர்லயே இருக்காங்க. வல்லம் வடகால்ல 2024ல பெரிய விடுதி திறந்தாங்க, 18,720 பெண் தொழிலாளிங்க தங்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா குடும்பஸ்தனுக்கு அந்த மாதிரி எதுவும் என் கண்ணுல படல.

குரோம்பேட்டை மாடி வீடு:
ஓனர் பக்கமும் ஒரு வார்த்தை கேளுங்க. ரிட்டயர்மென்ட் பணத்துல மாடி கட்டினேன், அந்த வாடகையிலதான் மருந்துச் செலவு. ஒருத்தர் ஏழு மாச வாடகை பாக்கி வெச்சு ராவோட ராவா காலி பண்ணிட்டார். அட்வான்ஸ் இருந்ததால தப்பிச்சேன். கோடையில லாரித் தண்ணிக்கும் நான்தான் கொடுக்கறேன். இப்ப ஆறு மாசம்தான் வாங்கறேன், அதுக்குக் கீழ இறங்கத் தைரியம் வரல.

வேளச்சேரி ரமணி மாமா:
பெரியவரே, உங்க பயம் நியாயம்தான். ஆனா சட்டம் வேற சொல்லுது. 2017ல தமிழ்நாடு போட்ட வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமல்ல இருக்கு. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. ஆனா "வேறு உடன்பாடு இருந்தாலொழிய"ன்னு அதிலேயே ஒரு ஓட்டை வெச்சிருக்காங்க. அக்ரிமென்ட்ல பத்து மாசம்னு எழுதி நாமளே கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சது. வெள்ளையடிக்கற செலவும் அந்தச் சட்டத்தோட அட்டவணைப்படி ஓனர் பொறுப்புதான், அங்கேயும் இதே கதைதான். டீச்சரம்மா, அடுத்த தடவை அக்ரிமென்ட்ல அந்த வரியை அடிக்கச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

என் மருமகன் இந்தச் சட்டத்தை போன்ல எடுத்து ஒரு ஓனர்கிட்ட காட்டினான். "அப்ப சட்டத்துக்கிட்டயே போய் வீடு கேளுங்க"ன்னுட்டார். அதே வீட்டுல சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 9 ரூபா. இ.பி.யில ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அந்தச் சலுகை யார் கணக்குல போச்சுன்னு கேட்கவும் முடியாது.

அம்பத்தூர் டீச்சர்:
வரியை அடிக்கச் சொன்னா "வேற இடம் பாருங்க"ம்பாங்க மாமா. பின்னாடியே பத்துப் பேர் நிக்கறாங்க. பேரம் பேச நமக்கு இடம் எங்க இருக்கு?

துரைப்பாக்கம் வாசி:
கூடுவாஞ்சேரிப் பக்கம் விசாரிச்சேன். வாடகை 8,000, அட்வான்ஸ் அஞ்சு மாசம். எலெக்ட்ரிக் ட்ரெயின் சீசன் டிக்கெட் மலிவு. ஆனா ஓ.எம்.ஆர். ஆபீஸுக்கு அங்கிருந்து ட்ரெயின், பஸ், ஷேர் ஆட்டோன்னு மாறி மாறிப் போகணும், வர்றதுக்குள்ள ராத்திரி ஆயிடும். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்ததுல இருந்து அங்கேயும் ஏத்த ஆரம்பிச்சிட்டாங்கன்னு புரோக்கர் பயமுறுத்தறார். ஊரப்பாக்கம், மறைமலைநகர் பக்கம் மூணு மாச அட்வான்ஸுக்கு யாராவது குடுத்தா இங்க போடுங்க, ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துடறேன். புரோக்கர் இல்லாம நேரடியா ஓனர்னா ரொம்ப நல்லது.