ஜேசன் கூப்பிட்டது மாமாவையா, அம்மாவையா?

கால் பிசகிப் போன மாதம் பதினைந்து நாள் கட்டிலோடு கிடந்தேன். சும்மா கிடப்பதற்கு, 'ஃப்ரைடே தி 13த்' என்ற அமெரிக்கத் திகில் பட வரிசையில் இரண்டாம் பாகத்திலிருந்து எட்டாம் பாகம் வரை ராத்திரிக்கு ஒன்றாகத் திரும்பப் பார்த்து முடித்தேன். 1981-இல் தொடங்கி 1989-இல் முடிகிற ஏழு படங்கள். 1980-இல் வந்த முதல் படத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. வரிசையின் முகமூடிக் கொலைகாரன் ஜேசன் அதில் யாரையும் கொல்வதில்லை, கொல்வது அவன் அம்மா; ஏரிக்கரை முகாமில் கவனிப்பாரில்லாமல் மகன் மூழ்கிச் செத்தான் என்று நம்பிப் பழிவாங்குகிறவள். பலருக்கு இது இன்னும் தெரியாது. எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

நான் முதலில் பார்த்தது மூன்றாம் பாகம். 1994 கோடை விடுமுறை, மதுரையில் பெரியப்பா வீடு. வாடகைக்கு டெக் எடுத்து ராத்திரி முழுக்க நாலு படம் ஓட்டுகிற காலம். பெரியவர்கள் கேட்ட மூன்று தமிழ்ப் படங்களோடு கேசட் கடை அண்ணன் இதையும் சொருகிவிட்டிருந்தார். பெரியவர்கள் தூங்கியதும் போட்டோம். கொலைக்கு முன்னால் ஒரு சத்தம் வரும் இல்லையா, 'கி கி கி... மா மா மா' என்று? எட்டு வயது அத்தை மகன் போர்வைக்குள்ளிருந்து கேட்டான்: "இவன் ஏன் மாமாவைக் கூப்பிடறான்?" அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது 'மாமா படம்'.

அன்று புரியாத இன்னொன்று, எல்லாரும் ஏன் கேமராவைப் பார்த்தே பொருளை நீட்டுகிறார்கள் என்பது. ஒருத்தன் யோ-யோவை நம் மூக்குக்கு நேரே விடுகிறான். சோளப்பொரி மேலே துள்ளுகிறது. ஒரு மண்டையை நசுக்கினால் கண் பிதுங்கித் திரையை நோக்கிப் பறக்கிறது. 1982-இல் அதை 3டி-யில் எடுத்திருக்கிறார்கள். பெரியப்பாவின் இருபது இஞ்ச் டிவியில் அது ஏதோ பைத்தியக்காரர் விடுதி மாதிரி இருந்தது.

இப்போது வரிசையாகப் பார்க்கும்போதுதான் சில விஷயங்கள் பிடிபட்டன. உலகத்துக்கே தெரிந்த அந்த ஹாக்கி முகமூடி மூன்றாம் பாகத்தின் பாதியில்தான் வருகிறது. அதுவும் ஷெல்லி என்ற குண்டுப் பையன் மற்றவர்களைப் பயமுறுத்தக் கொண்டுவந்தது. இரண்டாம் பாகத்தில் ஜேசன் தலையில் ஒரு சாக்குப் பை, ஒற்றைக் கண்ணுக்கு ஓட்டை, அவ்வளவுதான். அந்தப் பாகத்தின் கடைசியில் தாடியும் நீளமுடியுமாக இருக்கிறவன், கதைப்படி மறுநாளே தொடங்கும் மூன்றாம் பாகத்தில் மொட்டை. நடுவில் பழனிக்குப் போய் வந்தான் போல.

நான் சொல்ல வந்தது இதுதான். இரண்டாம் பாகத்தில் ஜின்னி என்ற பெண், குழந்தை உளவியல் படிப்பவள். ஓடி ஓடிக் கடைசியில் ஜேசனின் குடிசைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறாள். அங்கே அம்மாவின் தலையை வைத்து அவன் பூஜை மாதிரி ஏதோ செய்து வைத்திருக்கிறான். அவள் என்ன செய்கிறாள்? அந்த அம்மாவின் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு, அம்மா குரலில் அவனை அதட்டுகிறாள். அத்தனை பெரிய உருவம் அப்படியே மண்டியிடுகிறது. நான்காம் பாகத்தில் டாமி என்ற சின்னப் பையன் தன் தலையைச் சிரைத்து, ஏரியில் மூழ்கிய சிறுவன் ஜேசன் போலவே வந்து நிற்கிறான். அப்போதும் ஜேசன் தடுமாறுகிறான். கத்திக்கும் கோடாரிக்கும் அடங்காதவன், பிள்ளையாக யாராவது பார்த்தால் நின்றுவிடுகிறான். மதுரையில் போர்வைக்குள் இருந்தபோது இது எங்கே தெரிந்தது!

அந்தச் சத்தம் பற்றியும் தேடிப் படித்தேன். முதல் படத்தில் அம்மாக்காரி மகன் குரலில் "கில் ஹெர், மம்மி" என்று தனக்குத்தானே பேசுவாள். அதிலிருந்து 'கி'யையும் 'மா'வையும் எடுத்து, இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி தானே மைக்கில் சொல்லி எதிரொலி சேர்த்திருக்கிறார். ஆக அவன் கூப்பிட்டது அம்மாவை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். எந்தப் பாகம், எங்கே, யாரோடு?

*

அண்ணை, நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்த சனம். ஒரு அறையில் அஞ்சு பேர், ஒரு பழைய டிவி. எனக்குக் கிடைச்சது எட்டாம் பாகம். 'ஜேசன் மன்ஹாட்டனைப் பிடிக்கிறான்' என்று பெட்டியில் போட்டிருந்தபடியால், நியூயோர்க்கை இலவசமாய்ச் சுற்றிப் பார்க்கலாம் என்று குந்தினோம். படம் கப்பலில் ஓடுது, ஓடுது, ஓடிக்கொண்டே இருக்குது! கடைசி அரைமணித்தியாலத்துக்குத்தான் நகரமே வருது. அதிலும் பெரும்பகுதியை எங்கட வன்கூவரில் எடுத்தவை என்று பிறகுதான் தெரிஞ்சது. டைம்ஸ் ஸ்குவேரில் அவன் நடக்கிறது உண்மையான நியூயோர்க்.

ஆனால் ரெண்டு இடத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். தெருவில் பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு வம்புக்கு வாற பெடியளுக்கு முகமூடியைத் தூக்கிக் காட்டுவான். அவங்கள் எடுக்கிற ஓட்டம்! மற்றது, மொட்டைமாடியில் ஒரு குத்துச்சண்டைப் பெடியன் கை சோர்ந்துபோகும்வரை அவனை விளாசிவிட்டு, "இனி உன் முறை" என்று நிற்பான். ஜேசன் ஒரே ஒரு குத்து. தலை கழன்று கீழே குப்பைத் தொட்டியில் விழும். எங்கட அறையில் நாங்கள் சிரிச்ச சிரிப்பில் மேல்வீட்டுக்காரர் தட்டித் தட்டி ஏசினது இண்டைக்கும் நினைவு.

நீங்கள் சொன்ன பிள்ளை விஷயம் இதிலும் இருக்கு. முடிவில் சாக்கடையில் அமிலம் மாதிரி ஒரு கழிவு வந்து அடிச்ச பிறகு, அங்கே கிடக்கிறது ஒரு சின்னப் பெடியன். அது எனக்கு அப்ப விளங்கவேயில்லை. படம் பிழைச்சுப்போச்சு என்று நினைச்சேன்.

*

யாரும் ஐந்தாம் பாகத்தைத் தொடமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நானே தொடுகிறேன். நான்காவதுக்கு 'இறுதி அத்தியாயம்' என்று பெயர் வைத்துவிட்டு, பதினொரு மாதத்திலேயே அடுத்ததை விட்டார்கள். பார்த்தால் கொலைகாரன் ஜேசனே இல்லை, ராய் என்ற ஆம்புலன்ஸ்காரன்! கல்லூரி விடுதியில் இதைப் பார்த்தபோது பணம் போட்டு கேசட் எடுத்த நண்பனை அடிக்கவே போனோம்.

ஆனால் மேலே எழுதியதைப் படித்ததும் மறுபடி பார்த்தேன். ராய் ஏன் கொல்கிறான்? படத்தில் வருகிற மனநல விடுதியில் இருக்கிற ஒரு அப்பாவிப் பையனை இன்னொருத்தன் கோடாரியால் வெட்டிவிடுகிறான். அந்த உடலை எடுக்க வருகிற ஆம்புலன்ஸ்காரன்தான் அவனைப் பெற்று விட்டுவிட்டுப் போன அப்பன். துணியை விலக்கிப் பார்க்கிற அந்த ஒரு ஷாட்டில் அவன் முகத்தைக் கவனியுங்கள், படம் பாதி அங்கேயே சொல்லிவிடுகிறது. முதல் படத்தில் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டவர்கள் மேல் அம்மாவுக்கு ஆத்திரம். ஐந்தில் அப்பனுக்கு. முகமூடியில் இருக்கிற குறிகூட இதில் சிவப்பு இல்லை, நீலம். ஆரம்பத்திலேயே துப்புக் கொடுத்துவிட்டார்கள், நாம்தான் பார்க்கவில்லை. மற்றபடி படம் சுமார்தான், அதை மறுக்கவில்லை.

*

சின்னதாக ஒன்று. நான் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். முதல் படத்தில் வருகிற பிளேர்ஸ்டவுன் ஊர் எங்களிடமிருந்து காரில் ஒரு மணி நேரம். அந்தக் கல் வளைவு, சாப்பாட்டுக் கடை எல்லாம் அப்படியே இருக்கின்றன. படத்தில் கொலைகள் நடக்கிற ஏரிக்கரை முகாமோ சாரணர்களுடைய இடம். சுற்றுலாவுக்கென்று ஒதுக்கும் சில நாட்களில் மட்டும் உள்ளே விடுவார்கள். நான் போன அன்று வாசல் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த பாகங்களில் வருகிற ஏரியைத் தேடி இங்கே வராதீர்கள். இரண்டாவதை கனெக்டிகட்டில் எடுத்தார்கள், மூன்றாவது கலிஃபோர்னியா, ஆறாவது ஜார்ஜியா, ஏழாவது அலபாமா. ஜேசனை விட அந்த ஏரிதான் அதிகம் அலைந்திருக்கிறது.

*

ஏழாம் பாகத்தில் ஸ்லீப்பிங் பேக்கோடு ஒரு பெண்ணைத் தூக்கி மரத்தில் அடிக்கிற காட்சியை எங்கள் ஹாஸ்டலில் மூன்று முறை ரீவைண்ட் செய்தோம். டேப்பில் கோடு விழுந்து கடைக்காரர் அபராதம் போட்டார். அதைப் பல தடவை அடிப்பதாகத்தான் எடுத்திருந்தார்களாம். அமெரிக்கத் தணிக்கை வெட்டி வெட்டி ஒரே அடியாக்கிவிட்டது. என்னைக் கேட்டால் அந்த ஒரே அடிதான் சரி. நாலு அடி அடித்திருந்தால் நாங்கள் யாரும் ரீவைண்ட் செய்திருக்கமாட்டோம். ஜேசனாக கேன் ஹாடர் வந்ததும் அதில்தான். அவர் மூச்சு விடுவதையே தனியாகப் பார்க்கலாம்.

*

எல்லோருக்கும் நன்றி. ரொறன்ரோத் தம்பி, அந்தச் சாக்கடைச் சிறுவனை நானும் படம் சொதப்பிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆறாம் பாகத்தை யாரும் சொல்லவில்லையே? எனக்கு இந்த முறை மிகவும் பிடித்தது அதுதான். மின்னல் அடித்துப் பிணம் எழுந்து வருகிறது, கூடவே கொஞ்சம் நக்கலும் சேர்ந்து வருகிறது. முகாமில் நிஜமாகவே குழந்தைகள் இருக்கிற பாகமும் அதுதான். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு பொடியன்களில் ஒருத்தன் மற்றவனிடம், "நீ பெரியவனானதும் என்ன ஆகணும்னு இருந்தே?" என்று கேட்கிறான். வலியை மறந்து சிரித்தேன். படுக்கையில் கண்ணை மூடிச் சாமி கும்பிடுகிற ஒரு சிறுமி முன்னால் ஜேசன் வந்து, குனிந்து, பார்த்துக்கொண்டே நிற்கிறான். தொடவில்லை.

நேற்று அத்தை மகனுக்குப் போன் செய்து, அது மாமா இல்லை, அம்மா என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ இத்தனை வருஷமா பாவம் அவனைப் போய்க் கிண்டல் பண்ணிட்டு இருந்தேனா?" என்றான். பத்து நிமிடம் கழித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் அவன் குரல் பதிவு ஒன்று வந்தது. "கி கி கி... மா மா மா". கீழே அத்தை எழுதியிருந்தார்: "என்னடா, சாப்பிட்டியா?"