புதுப்பிப்பு: பெர்ஃப் சாம்பிள்களை கெர்னலிலேயே வடிகட்டுவது

பெர்ஃப் (லினக்ஸில் புரோகிராம்களின் வேகத்தை அளக்கும் டூல்) எடுக்கும் மெமரி லோட் சாம்பிள்கள், அதாவது மெமரியிலிருந்து தரவு படிப்பதன் மாதிரிப் பதிவுகள், குவிந்து டேட்டா ஃபைல் ஊதிப்போகிறது, எப்படிக் குறைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது பிபிஎஃப் (கெர்னலுக்குள்ளேயே ஓடும் சிறு புரோகிராம்கள்) ஃபில்டர் யோசனைதான். பெர்ஃப் ரெக்கார்டில் --ஃபில்டர் 'வெயிட் > 100' என்று கொடுத்தேன் (வெயிட் என்பது இங்கே லோடு எவ்வளவு தாமதமானது என்ற அளவு). தாமதமான லோடுகள் மட்டும் பதிவாகின்றன. லினக்ஸ் 6.4-இலிருந்து இந்த வசதி உண்டு, ஆனால் பெர்ஃபை பிபிஎஃப் ஸ்கெலட்டனோடு (பிபிஎஃப் புரோகிராம்களைச் சேர்த்துக்கொள்ளும் பில்ட் வசதி) பில்ட் செய்திருக்க வேண்டும். கூடவே --வெயிட் ஆப்ஷனும் தேவை, விட்டால் எரர் வரும், எதைச் சேர்க்க வேண்டும் என்று அதிலேயே குறிப்பும் இருக்கும் (இப்படி எல்லா டூலும் சொன்னால் எவ்வளவு நன்றாயிருக்கும்!).

எதிர்பாராதது: வடிகட்டி ஒதுக்கப்பட்டவை பெர்ஃப் ரிப்போர்ட்டின் --ஸ்டாட்டில் 'லாஸ்ட் சாம்பிள்ஸ்' (தொலைந்த சாம்பிள்கள்) கணக்கில் வருகின்றன. பயப்பட வேண்டாம், பஃபர் நிரம்பி வழியவில்லை.

ஃபைல் சுருங்கிவிட்டது. ஆனால் ஓவர்ஹெட் (அளப்பதால் சிஸ்டத்துக்கு வரும் கூடுதல் சுமை) அந்த அளவு குறையாது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் சிபியு வேலையை இடைநிறுத்தும் இன்டரப்ட் வந்த பிறகுதான் ஃபில்டர் ஓடுகிறது. ஓவர்ஹெட்டைக் குறைக்க சாம்பிளிங் பீரியடைத்தான் (எத்தனை நிகழ்வுக்கு ஒரு சாம்பிள் என்பதை) கூட்ட வேண்டும்.